சிறுநீர்ப்பைக்குள் ஏன் பிசிஜி?

புக்கிட் மேரா வட்டாரத்தில் இருக்கும் ஊட்ரம் வளாகத்தில், சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனைக்குச் சிறுநீர்ப்பைச் சிகிச்சைக்காகப் போய்வரும் சிலரை மருத்துவர் சொல்லும் ஒரு செய்தி குழப்பிவிடும். பைக்குள் இருந்த கட்டியைச் சுரண்டி எடுத்தாயிற்று; இனி வாரம் ஒருமுறையாக ஆறு வாரம் பிசிஜி செலுத்துவோம் என்பார். பிசிஜியா? பிறந்த குழந்தைக்குக் காசநோய் வராமல் இருக்கப் போடும் ஊசி ஆயிற்றே அது. புற்றுநோய்க்கும் அதற்கும் என்ன தொடர்பு?

நியாயமான கேள்வி. இதற்கு விடை சொல்லும்போது நம் உடலின் நோய் எதிர்ப்புச் செல்களைப் பற்றியும், அவை உண்டாக்கும் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அந்த வாயுவின் பெயரில் இன்று மாத்திரையும் பொடியும் விற்கிறார்கள். அதனாலும் இதைச் சற்று நிதானமாகப் புரிந்துகொள்வது நல்லது.

நைட்ரிக் ஆக்சைடு மிகச் சிறிய மூலக்கூறு: ஒரு நைட்ரஜன் அணு, ஓர் ஆக்சிஜன் அணு, அவ்வளவுதான். பல் மருத்துவர் சில நேரம் பயன்படுத்தும் சிரிப்பு வாயு வேறு; அது நைட்ரஸ் ஆக்சைடு. நைட்ரிக் ஆக்சைடு உடலுக்குள் உருவான சில நொடிகளில் நைட்ரைட், நைட்ரேட் போன்ற வேறு பொருளாக மாறிவிடும். ஆகவே அதனால் தொலைவு போக முடியாது. பிறந்த இடத்தின் அக்கம்பக்கத்தில்தான் அதன் வேலை. ரத்தக் குழாய்களைத் தளர்த்துவது அதன் வேலைகளில் ஒன்று. நெஞ்சுவலிக்காரர்கள் நாக்கின் அடியில் வைத்துக்கொள்ளும் மாத்திரை இதன் வழியாகத்தான் பலன் தருகிறது. ரத்த ஓட்டத்தில் இதன் பங்கைக் கண்டறிந்ததற்காக ராபர்ட் ஃபர்ச்காட், லூயி இக்னாரோ, ஃபெரிட் முராட் ஆகிய மூவருக்கும் 1998இல் நோபல் பரிசு கிடைத்தது.

நோய் எதிர்ப்புப் பக்கத்தின் கதை வேறு வழியில் தொடங்கியது. 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் எம்ஐடி கழகத்தில் ஸ்டீவன் டானன்பாம் குழுவினர், உணவில் எவ்வளவு நைட்ரேட் உள்ளே போகிறது, சிறுநீரில் எவ்வளவு வெளியே வருகிறது என்று தன்னார்வலர்களிடம் அளந்துகொண்டிருந்தார்கள். சோதனையின் நடுவே ஒருவருக்கு வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் வந்தன. அவருடைய சிறுநீரில் நைட்ரேட் பல மடங்கு ஏறிவிட்டது. அவர் சாப்பிட்ட உணவில் அவ்வளவு நைட்ரேட் இல்லை. அப்படியானால் நோயோடு போராடும் உடலே அதை உண்டாக்கியிருக்க வேண்டும்.

எந்தச் செல் உண்டாக்குகிறது என்பதை 1985இல் டென்னிஸ் ஸ்டூர், மைக்கேல் மார்லெட்டா இருவரும் காட்டினார்கள். கிருமிகளையும் செத்த செல்களையும் விழுங்கிச் செரிக்கும் மேக்ரோஃபேஜ் என்ற பெருவிழுங்கிச் செல்கள்தான் அவை. அந்த ஆய்வில் எலிகளுக்கு இவர்கள் கொடுத்தவற்றில் ஒன்று பிசிஜி. அதன் பிறகு எலிகளின் உடலில் நைட்ரேட் உற்பத்தி பெருமளவு உயர்ந்தது. பிசிஜிக்கும் இந்த வாயுவுக்கும் உள்ள உறவு அந்தத் தொடக்க ஆய்விலேயே பதிவாகியிருக்கிறது என்பதை நான் முக்கியமாகக் கருதுகிறேன்.

1987இல் யூட்டா பல்கலைக்கழகத்தின் ஜான் ஹிப்ஸ் அடுத்த படியை எடுத்து வைத்தார். தூண்டிவிடப்பட்ட மேக்ரோஃபேஜ்கள் புற்றுச் செல்களை முடக்குகின்றன என்பது அப்போது தெரிந்திருந்தது. எப்படி என்பது தெரியாது. அவை வளரும் திரவத்திலிருந்து ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்தை நீக்கினால் அந்தத் திறன் போய்விடுகிறது என்று அவர் கண்டார். ஆர்ஜினின் நிலக்கடலையிலும் பருப்பிலும் இறைச்சியிலும் இருக்கிறது. உடலும் தானே செய்துகொள்கிறது. மேக்ரோஃபேஜ் அதை உடைத்து எடுப்பது நைட்ரிக் ஆக்சைடு என்பது மறு ஆண்டிலேயே உறுதியானது.

இந்த வாயு புற்றுச் செல்லை எப்படி முடக்குகிறது? செல்லுக்குள் இரும்பும் கந்தகமும் சேர்ந்த கொத்துகளைத் தாங்கிய நொதிகள் பல உண்டு. செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவில் அவை நிறைய. நைட்ரிக் ஆக்சைடு அந்த இரும்பைப் பற்றிக்கொள்ளும், நொதி செயலிழக்கும், ஆற்றல் உற்பத்தி படுத்துவிடும். டிஎன்ஏவுக்கு வேண்டிய மூலப்பொருளைத் தயாரிக்கும் நொதியையும் அது தடுக்கிறது. ஓயாமல் பிரிந்து பெருகினால்தான் புற்றுக்கு வாழ்வு. அந்தப் பெருக்கம் நின்றுபோகிறது.

இதுவரை படித்தால் ‘நைட்ரிக் ஆக்சைடு புற்றைக் கொல்லும்’ என்று தலைப்பு வைத்துவிடத் தோன்றும். அப்படி வைத்த தலைப்புகள் இணையத்தில் ஏராளம். ஆனால் அது பாதி உண்மை. மறு பாதியை மறைத்துச் சொல்வது நோயாளிக்குச் செய்யும் தீங்கு என்றே நினைக்கிறேன்.

தூறல் பயிரை வளர்க்கும், வெள்ளம் வேரோடு பெயர்க்கும். நைட்ரிக் ஆக்சைடும் அப்படித்தான். ரத்தக் குழாய்ச் சுவரிலும் நரம்பிலும் இருக்கும் இரண்டு நொதிகள் அதைத் துளித்துளியாகத் தருகின்றன. நோய் எதிர்ப்புச் செல்லில் இருக்கும் மூன்றாவது நொதி ஒருமுறை முடுக்கிவிடப்பட்டால் மணிக்கணக்கில், நாள்கணக்கில்கூட, ஓயாது உற்பத்தி செய்யும். இந்த மிகை அளவுதான் புற்றுச் செல்லைத் தாக்குகிறது. குறைந்த அளவு நீண்ட நாள் இருந்தால் விளைவு தலைகீழ்: கட்டிக்குப் புதிய ரத்தக் குழாய்கள் முளைக்க அது உதவுகிறது, செல்கள் சாகாமல் தப்பவும் துணை நிற்கிறது.

போதாததற்கு, கட்டி தன்னைச் சுற்றியுள்ள மேக்ரோஃபேஜ்களின் குணத்தையே மாற்றிவிடுகிறது. மாறிய மேக்ரோஃபேஜ் அதே ஆர்ஜினினை ஆர்ஜினேஸ் என்ற வேறொரு நொதியிடம் கொடுத்துவிடும். அப்போது கிடைப்பது யூரியாவும் ஆர்னிதினும். ஆர்னிதினிலிருந்து வருபவை செல் வளர்ச்சிக்கு உரமாகும் பொருள்கள். இதற்கிடையே அக்கம்பக்கத்தில் ஆர்ஜினின் தீர்ந்துபோவதால், புற்றைத் தாக்க வந்த டி செல்கள் பட்டினியால் ஓய்ந்துவிடும். கட்டி தன் பக்கம் சேர்த்துக்கொண்ட வேறு சில செல்கள் நைட்ரிக் ஆக்சைடிலிருந்து பெராக்சிநைட்ரைட் என்ற பொருளை உண்டாக்கி, டி செல் எதிரியை அடையாளம் காணும் ஏற்பியையே சிதைப்பதாக 2007இல் வந்த ஆய்வு காட்டியது.

ஆக, ஒரே வாயு ஒரு நோயாளிக்கு ஆயுதம், இன்னொருவருக்கு எதிரியின் கருவி. மருத்துவமனைச் சோதனைகளும் இதையே சொல்கின்றன. நைட்ரிக் ஆக்சைடு தரும் நைட்ரோகிளிசரினைக் கீமோதெரபியோடு சேர்த்தால் நுரையீரல் புற்றுநோயாளிகளுக்கு நன்மை என்று 2006இல் ஜப்பானியச் சோதனை ஒன்று நம்பிக்கை ஊட்டியது. ஆஸ்திரேலியாவில் நடந்த பெரிய சோதனையின் முடிவு 2015இல் வந்தபோது அந்த நன்மையைக் காண முடியவில்லை. அமெரிக்காவின் ஹூஸ்டனிலோ இதற்கு எதிர்த்திசையில் போனார்கள். மருந்துக்கு மசியாத ஒருவகை மார்பகப் புற்றுநோயில், நைட்ரிக் ஆக்சைடு உற்பத்தியைத் தடுக்கும் மருந்தையே கீமோதெரபியோடு கொடுத்துப் பார்த்தார்கள். 2021இல் வெளியான அந்தத் தொடக்கநிலைச் சோதனையில் பலருக்குக் கட்டி சுருங்கியது. இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். எலியின் மேக்ரோஃபேஜ் சோதனைக் குழாயில் வாயுவைக் கொட்டுகிறது. மனித மேக்ரோஃபேஜ் அதே குழாயில் மிகக் குறைவாகவே தருகிறது. எலியில் நடந்தது நமக்கும் அப்படியே நடக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

அப்படியிருக்கச் சிறுநீர்ப்பையில் மட்டும் பிசிஜி எப்படிப் பலித்தது? அது மூடிய பை. மருந்தை நேராக உள்ளே விட்டு அங்கேயே நிறுத்திவைக்கலாம். கனடாவின் கிங்ஸ்டன் நகரில் அல்வாரோ மொராலெஸ் ஒன்பது நோயாளிகளின் சிறுநீர்ப்பைக்குள் பிசிஜியைச் செலுத்திப் பார்த்து, முடிவை 1976இல் வெளியிட்டார். கட்டி திரும்பத் திரும்ப வருவது குறைந்தது. ஆறு வாரம் என்ற கணக்கு வந்த விதம் வியப்பானது: அவருக்குக் கிடைத்த பிசிஜி, பெட்டிக்கு ஆறு குப்பியாக வந்தது. அந்தக் கணக்கே இன்றுவரை நிலைத்துவிட்டது. அமெரிக்காவில் 1990இல் முறையான அனுமதி கிடைத்தது. தசைக்குள் இறங்காத, ஆனால் திரும்ப வரும் ஆபத்து மிகுந்த சிறுநீர்ப்பைப் புற்றுக்கு இன்றும் முதலில் தரப்படும் மருந்துகளில் இது முக்கியமானது.

உள்ளே போகும் பிசிஜி உயிருள்ள, வலுவிழக்கச் செய்த கிருமி. அது பையின் உட்சுவரில் ஒட்டியதும் உடல் அதைத் தொற்றாகவே எண்ணிப் படை திரட்டுகிறது. நியூட்ரோஃபில்கள், மேக்ரோஃபேஜ்கள், டி செல்கள் எல்லாம் வந்து சேர்கின்றன. 1990களில் சுவீடன் ஆய்வாளர்கள் பிசிஜி பெற்றவர்களின் சிறுநீர்ப்பையில் உள்ள வாயுவை அளந்தபோது நைட்ரிக் ஆக்சைடு மிகவும் உயர்ந்திருந்தது. பையின் உட்சுவர்ச் செல்களே அதை உண்டாக்கத் தொடங்கியிருந்தன. ஆனால் வெற்றி முழுவதையும் இந்த வாயுவின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. டி செல் இல்லாத எலிகளில் பிசிஜி பலன் தருவதில்லை. வாயு இந்தப் படையின் ஓர் ஆயுதம் மட்டுமே.

இத்துறையில் சிங்கப்பூருக்கும் பங்கு உண்டு. தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையின் கேசவன் ஈசுவரநாதனும் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் ரதா மகேந்திரனும் பல ஆண்டுகளாகப் பிசிஜியை ஆராய்ந்தவர்கள். வழக்கமான அளவில் மூன்றில் ஒரு பங்கு பிசிஜியோடு இன்டர்ஃபெரான் ஆல்ஃபா என்ற நோய் எதிர்ப்புப் புரதத்தைச் சேர்த்துக் கொடுக்கும் முறையை இங்கே நோயாளிகளிடம் சோதித்தார்கள். லாக்டோபாசிலஸ் என்ற நன்மை தரும் பாக்டீரியா, எலிகளின் சிறுநீர்ப்பைக் கட்டியைக் கரைக்கிறது என்று 2010இல் அவர்கள் குழு வெளியிட்டது. குறைந்த அளவு, மாற்றுப் பொருள் என்ற தேடலுக்குக் காரணம் உண்டு. பிசிஜி மெதுவாக வளரும் கிருமி. தயாரிக்கும் ஆலைகளும் சில. கனடாவில் ஓர் ஆலை 2012 முதல் தடுமாறி, பிறகு உற்பத்தியையே நிறுத்தியபோது உலகம் முழுவதும் நோயாளிகள் காத்திருக்க நேர்ந்தது.

நைட்ரிக் ஆக்சைடின் பெயரில் ஆர்ஜினின் மாத்திரை, பீட்ரூட் பொடி வாங்கச் சொல்பவர்களுக்கும் அந்த வாயுவின் இந்த இரட்டை முகமே பதில். பீட்ரூட் நல்ல காய். குழம்பிலும் பொரியலிலும் தாராளமாகச் சேருங்கள். ஆனால் விழுங்கிய ஆர்ஜினின் உங்கள் மேக்ரோஃபேஜிடம் போகுமா, கட்டியின் பக்கம் சாய்ந்த செல்லிடம் போகுமா என்பது விற்பவர் கையில் இல்லை. சிகிச்சையில் இருப்பவர் இத்தகைய எதையும் மருத்துவரிடம் சொல்லாமல் எடுக்க வேண்டாம்.

சிகிச்சை நாளில் நடப்பது எளியது. மெல்லிய குழாய் வழியே ஏறத்தாழ 50 மில்லிலிட்டர் மருந்து பைக்குள் போகும். சுமார் இரண்டு மணி நேரம் அடக்கிவைத்துக் கழிக்க வேண்டும். ஓரிரு நாள் எரிச்சல், அடிக்கடி சிறுநீர், உடல்வலி, இளஞ்சூடு வருவது இயல்பு. படை கூடியிருக்கிறது என்பதன் அறிகுறிதான் அது. காய்ச்சல் கடுமையானாலோ இரண்டு நாளில் தணியாவிட்டாலோ உடனே மருத்துவமனையை அழைக்க வேண்டும். அரிதாக உயிருள்ள கிருமி ரத்தத்தில் பரவக்கூடும். சிறுநீர்த் தொற்றோ கண்ணுக்குத் தெரியும் ரத்தமோ இருந்தால் அன்று மருந்து செலுத்த மாட்டார்கள். ஸ்டீராய்டு போன்ற, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து சாப்பிடுபவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்: வேலை செய்ய வேண்டிய செல்களையே அது அடக்கிவைக்கிறது. ஒரே கழிப்பறையைப் பலர் பயன்படுத்தும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் இன்னொரு கவனமும் தேவை. அடுத்த ஆறு மணி நேரம் உட்கார்ந்தே சிறுநீர் கழித்து, ஒவ்வொரு முறையும் கழிவறைக் கோப்பையில் பிளீச் ஊற்றிக் கால் மணி நேரம் விட்டு, பிறகு தண்ணீர் விடச் சொல்வார்கள்.