முதல் கிண்ணமே நம்முடையது!

“தாமஸ் கிண்ணத்தை நாம் முதன்முதலில் வென்றது 1967இல்.” காலை நிகழ்ச்சியில் நான் இப்படிச் சொன்னதுதான் தாமதம், ஒரு பெரியவர் வானொலிக்கு அழைத்துவிட்டார்.

“தம்பி, முதல் கிண்ணமே நம்முடையது. மலாயாவை விட்டுட்டீங்களே!”

வெட்கமாகிவிட்டது. அன்றிரவே தேடிப் படித்தேன்.

கிண்ணத்தைத் தந்தவர் இங்கிலாந்தின் சர் ஜார்ஜ் தாமஸ். பூப்பந்து மட்டுமல்ல, சதுரங்கத்திலும் வல்லவர். ஆண்கள் அணிகளுக்கு ஓர் உலகப் போட்டி வேண்டும் என்ற அவரது திட்டம் 1939இல் உருவானது. உலகப்போர் குறுக்கிட்டதால், போட்டி தொடங்கவே 1948 ஆகிவிட்டது. கலந்துகொண்டவை 10 நாடுகள்.

அப்போது நம் நிலை என்ன? ஜப்பானியர் ஆட்சி முடிந்து நான்கு ஆண்டுகள்கூட ஆகவில்லை. நாட்டில் அவசரகாலம். சுதந்திரத்துக்கு இன்னும் எட்டு ஆண்டுகள். சிங்கப்பூரின் வோங் பெங் சூனும் பினாங்கின் ஊய் தெய்க் ஹோக்கும் ஒரே மலாயா அணியில் இங்கிலாந்து சென்றார்கள்.

1949 பிப்ரவரியில், பிரஸ்டன் நகரில் இறுதியாட்டம். ஒன்பது ஆட்டங்களில் எட்டை வென்று டென்மார்க்கை வீழ்த்தியது மலாயா. 1952, 1955ஆம் ஆண்டுகளில் சிங்கப்பூரிலேயே கிண்ணத்தைத் தக்கவைத்தது. நான் சொன்ன 1967, உண்மையில் நான்காவது வெற்றி!

மறுநாள் காலை முதல் வேலையாக நேயர்களிடம் மன்னிப்புக் கேட்டேன். உங்கள் வீட்டில் தாத்தா, பாட்டி இருந்தால், அந்த நாள் நினைவுகளைக் கேட்டுப் பாருங்கள். எனக்குக் கிடைத்ததுபோல் உங்களுக்கும் ஒரு திருத்தம் கிடைக்கலாம்.