வைக்கோல் விலையும் கறவை மாடும்: பைத்துல்மாலில் நாம் கவனிக்கத் தவறியது

சென்ற மாதம் பைத்துல்மால் கூட்டம் முடிந்து எழுந்தபோது, இரண்டு வருடங்களுக்கு முன் நாம் கறவை மாடு வாங்கிக் கொடுத்த சகோதரி ஒருவர் வாசலில் நின்றிருந்தார். கணவரை இழந்தவர், இரண்டு பிள்ளைகள். வேறு ஏதோ உதவி கேட்டு வந்திருக்கிறார் என்று நினைத்தோம். "மாட்டைத் திருப்பி எடுத்துக்கிறீங்களா நானா? ஜகாத் காசுல வாங்கின மாடு, விற்கலாமா கூடாதான்னு தெரியல" என்றார்.

முதலில் அந்த சந்தேகத்திற்குப் பதில். ஜகாத்தாக ஒருவர் கையில் ஒப்படைத்த பொருள் அவருக்கே சொந்தம். விற்கவும் வைத்துக்கொள்ளவும் அவருக்கு முழு உரிமை உண்டு, நம்மிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை. மற்ற பயனாளிகளும் இதையே பதிலாக எடுத்துக்கொள்ளலாம்.

ஆனால் நம்மை உறுத்தியது அந்தக் கேள்வி அல்ல. மாட்டுக்கு நோய் இல்லை, நாளைக்கு 6 லிட்டர் கறக்கிறது. "வைக்கோல் வாங்கி மாளல" என்பதுதான் அவர் சொன்ன ஒரே காரணம். மாடு கொடுக்கும்போது இனம் பார்த்தோம், பல் பார்த்தோம், இன்சூரன்ஸ் கட்டினோம். வைக்கோல் எங்கிருந்து வரும் என்று யாரும் கேட்கவில்லை. சுற்றிலும் வயல் இருக்கும் ஊரில் வைக்கோலா பிரச்சினை என்று இருந்துவிட்டோம்.

கணக்கைப் பாருங்கள். 400 கிலோ எடையுள்ள மாட்டுக்கு ஈரம் நீங்கலாக நாளைக்கு 10 முதல் 12 கிலோ தீவனம் வேண்டும். மேய்ச்சல் நிலமும் பசுந்தீவனமும் இல்லாத வீட்டில் அதில் 7 கிலோவாவது வைக்கோலாக இருக்கும், மீதி தவிடு, புண்ணாக்கு, கலப்புத் தீவனம். 2023 டிசம்பரில் அரசு ஆவினுக்கு ஊற்றும் பாலுக்கு லிட்டருக்கு 3 ரூபாய் ஊக்கத்தொகை அறிவித்தது. 6 லிட்டருக்கு அது 18 ரூபாய். வைக்கோல் கிலோவுக்கு அதே 3 ரூபாய் ஏறினால் 7 கிலோவுக்கு 21 ரூபாய். வந்த 18 போக இன்னும் 3 ரூபாய் கையிலிருந்து போகிறது. மாதத்திற்கு வைக்கோலில் மட்டும் 630 ரூபாய் கூடுதல் செலவு. கன்று ஈனுவதற்கு முன் இரண்டு மாதம் பால் வற்றும். அப்போது வரவு இல்லை, செலவு மட்டும் அப்படியே நிற்கும்.

வயலில் விளைவதற்கு ஏன் இந்த விலை என்று பலர் கேட்கிறார்கள்.

நம் பெரியவர்கள் காலத்தில் ஆள் வைத்து அடியோடு அறுத்து, களத்தில் அடித்து, வைக்கோலைப் போர் போட்டார்கள். நெல் உயரமாக வளர்ந்தது, தாளும் நீளமாக இருந்தது. 1960களின் நடுவில் ஏடிடி 27, ஐ.ஆர்.8 போன்ற ரகங்கள் வந்த பிறகு பயிர் குட்டையானது. மணி கூடியது, அதற்கேற்ற அளவில் வைக்கோல் கூடவில்லை. பசி தீர்ந்த கதை அது, குறை சொல்வதற்கில்லை. பிறகு அறுவடை இயந்திரம் வந்தது. அது தாளின் மேல்பாகத்தை அறுத்து, அடிக்கட்டையை வயலிலேயே விட்டுவிடுகிறது. வெளியே தள்ளும் வைக்கோலிலும் ஒரு பகுதியை பெல்ட் வண்டி சேற்றில் மிதித்து அழுத்திவிடுகிறது. மீதியைச் சுருட்ட இன்னொரு வண்டி வர வேண்டும். கட்டுக்கு இவ்வளவு என்று அதற்கு வாடகை, ஏற்ற இறக்க ஆள் கூலி தனி. முன்பு வைக்கோல் நெல்லோடு சேர்ந்து வீட்டுக்கு வந்தது. இப்போது அதைக் காசு கொடுத்து வயலிலிருந்து எடுக்க வேண்டியிருக்கிறது. அந்தக் காசு இல்லாத விவசாயி மட்க விடுகிறார், அல்லது கொளுத்திவிடுகிறார். நம் ஜமாஅத்தில் வெளிநாட்டில் இருந்துகொண்டு நிலத்தைக் குத்தகைக்கு விட்டிருக்கும் பலருக்குத் தம் வயலில் வைக்கோல் என்ன ஆகிறது என்றே தெரியாது.

சுருட்டிய கட்டுகளும் ஊரில் நிற்பதில்லை. வியாபாரி வரப்போரம் வந்து மொத்தமாக எடுத்துக்கொண்டு போகிறார். கேரளத்து மாட்டுப் பண்ணைகளுக்கு நம் பக்கத்து வைக்கோல்தான் லாரி லாரியாகப் போகிறது. சிப்பிக்காளான் வளர்ப்புக்கும், சரக்குப் பொதிவதற்கும் போகிறது. வைக்கோல் எடை குறைவு, இடம் அதிகம் பிடிக்கும். எவ்வளவு உயரமாக அடுக்கினாலும் லாரியில் ஏறும் எடை கொஞ்சம்தான் (அப்படி அடுக்கி மின்கம்பியில் உரசித் தீப்பிடித்த லாரிகளை அடிக்கடி செய்தியில் பார்க்கிறோம்). ஆகவே டீசல் விலை வைக்கோலின் மேல்தான் முதலில் உட்காரும்.

மழை இதைவிடப் பெரியது. 2021 ஜனவரியிலும், 2023 பிப்ரவரி முதல் வாரத்திலும் டெல்டாவில் அறுவடைக்கு நின்ற சம்பாவின் மேல் பருவம் தப்பிய மழை கொட்டியது. நெல்லுக்கு ஈரப்பதத் தளர்வு கேட்டு எல்லோரும் பேசினார்கள். அதே வயலில் கறுத்துப்போன வைக்கோலைப் பற்றிப் பேச ஆளில்லை. பூஞ்சை பிடித்த வைக்கோல் மாட்டுக்கு விஷம், அதன் நச்சு பாலிலும் இறங்கும். விலை குறைவு என்று கறுத்த கட்டை வாங்காதீர்கள்.

இவை எல்லாவற்றையும் விட ஏழையை அடிப்பது வாங்கும் காலம். தை, மாசியில் சம்பா, தாளடி அறுவடை நடக்கும்போது வைக்கோல் மலிவு. அப்போது கையில் பணமும் அடுக்க இடமும் உள்ளவர் வருடத்திற்கும் வாங்கிப் போட்டுவிடுகிறார். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மேய்ச்சலும் இல்லை, வயலிலும் ஒன்றுமில்லை. அந்த நேரத்தில் வாரம் இரண்டு கட்டு என்று சில்லறையாக வாங்குபவர் நம் சகோதரியைப் போன்றவர். ஒரே வைக்கோலுக்கு இருப்பவரைவிட இல்லாதவர் அதிகம் கொடுக்கிறார். அதே மாதங்களில்தான் தீனி போட முடியாமல் பலரும் மாட்டைச் சந்தைக்கு ஓட்டுவார்கள். ஆகவே மாட்டின் விலை இறங்கியிருக்கும். அன்று அவர் விற்றிருந்தால் நாம் கொடுத்த விலையில் பாதிகூடத் தேறியிருக்காது என்றே நினைக்கிறோம்.

ஓதிய நாட்களில் படித்த ஒன்று இங்கே நினைவுக்கு வருகிறது. ஆடு மாடுகளுக்கான ஜகாத் பாடத்தில், புல்வெளியில் தானாக மேயும் கால்நடையை 'சாயிமா' என்றும், தீனி போட்டு வளர்ப்பதை 'மஃலூஃபா' என்றும் பிரிப்பார்கள். 40 ஆடு, 30 மாடு என்ற கணக்கு முதல் வகைக்குத்தான். காசு கொடுத்துத் தீனி வாங்கி வளர்ப்பவருக்கு ஷாஃபிஈ, ஹனஃபி இரு மத்ஹபுகளிலும் கால்நடை ஜகாத் கடமையில்லை (வியாபாரத்திற்காக வாங்கி வைத்திருந்தால் அது வியாபாரப் பொருளின் சட்டம், தனி). தீனிச் செலவு எவ்வளவு பெரிய பாரம் என்பதை ஃபிக்ஹு கணக்கில் எடுத்திருக்கிறது. மாடு கொடுத்த நாம்தான் எடுக்கவில்லை.

இனி என்ன செய்கிறோம் என்று சொல்கிறோம். அந்தச் சகோதரிக்கு அடுத்த அறுவடை வரையிலான வைக்கோல் ஏற்பாடாகிவிட்டது, மாடு அவரிடமே இருக்கிறது. பொதுவாக, மாசியில் மொத்தமாக வாங்கி அறக்கட்டளைக் கிடங்கில் அடுக்கி, மழை மாதங்களில் பயனாளிகளுக்கு வாங்கிய விலைக்கே கொடுப்பது என்று நிர்வாகக் குழு முடிவு செய்திருக்கிறது. பழைய போரின் முகடு மழையை வழித்துவிடும். உருளைக் கட்டு தண்ணீரை உள்ளே இழுக்கும். ஆகவே தரையில் மரச்சட்டம் போட்டு, மேலே தார்ப்பாய் இட்டுத்தான் வைக்க வேண்டும். கிடங்கின் மேற்குப் பக்க ஒழுகலை அதற்குள் அடைத்தாக வேண்டும்.

வீட்டிலும் கொஞ்சம் செய்யலாம். வைக்கோலில் புரதம் 3, 4 சதவீதம்தான். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 60 லிட்டர் தண்ணீரில் முழுதும் கரைத்து, அடுக்கடுக்காகத் தெளித்து மிதித்து, காற்றுப் புகாமல் 21 நாள் மூடிவைத்தால் புரதம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும், தாளும் மென்மையாகும். கொடுக்கும் முன் ஒரு மணி நேரம் காற்றாட விட வேண்டும். ஆறு மாதத்திற்கு உட்பட்ட கன்றுக்குக் கூடாது. கரைத்த தண்ணீரை மாடு குடித்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. ஆகையால் முதல் தடவை கால்நடை மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு செய்யுங்கள். பள்ளிவாசல் ஹவுளிலிருந்து வெளியேறும் ஒளுத் தண்ணீரில் சோதனையாக கோ-4 கம்பு நேப்பியர் கரணைகள் நட்டிருக்கிறோம். நட்டு 75 நாளில் முதல் அறுப்பு, பிறகு 45 நாளுக்கு ஒரு தடவை வெட்டலாம். கொல்லை உள்ளவர்கள் கரணை கேட்டால் இலவசமாகத் தருகிறோம்.

நிலம் உள்ள சகோதரர்களிடம் ஒரு வேண்டுகோள். குத்தகைக்காரரிடம் பேசி, கொளுத்தவோ மட்கவிடவோ போகும் வைக்கோலை நமக்கு விடச் சொல்லுங்கள். சுருட்டும் வண்டி வாடகையும் ஏற்று கூலியும் அறக்கட்டளை பொறுப்பு. பயிர் செய்தவரின் உரிமை அது என்பதால் அவர் விலை கேட்டால் விலையும் கொடுக்கிறோம். எத்தனை மா, எந்த வாய்க்கால் பக்கம் என்ற விவரத்தைத் தை முடிவதற்குள் அலுவலகத்தில் எழுதி வைத்தால், வண்டிக்காரரிடம் ஒரே நடையாகப் பேச வசதியாக இருக்கும்.