டிரெய்லர் இழுக்கும் பழைய வண்டி: பெட்ரோலா, டீசலா?



கிராம முகாம்களுக்கு டிரெய்லரை இழுத்துச் செல்லத்தக்க ஒரு பழைய வண்டி வாங்குவதற்காக நீங்கள் அனுப்பும் காணிக்கைகள் சேர்ந்துகொண்டிருக்கின்றன. கூடவே கடிதங்களும் வந்தன. மதுரையிலிருந்து ஒரு சகோதரர், "மூன்று வருடமே ஓடிய பெட்ரோல் வேன் கிடைக்கிற பணத்துக்கு எட்டு வருடப் பழைய டீசல் வண்டியைத் தேடுகிறீர்களே, இது விவேகமா?" என்று கேட்டிருக்கிறார். ஒரு சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்தார், டீசல் வண்டிகளுக்கு இனிக் காலமில்லை என்று பத்திரிகையில் படித்ததாக எழுதியிருக்கிறார்கள். இரண்டும் நியாயமான கேள்விகள். கொடுத்தவர்களுக்குக் காரணம் சொல்ல நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம். நான் வேதாகமக் கல்லூரியில் படித்தவனேயன்றி ஒர்க்‌ஷாப்பில் படித்தவன் அல்ல. ஆயினும் பல வருடங்களாக வாகனக் குழுவில் உட்கார்ந்து, ஓட்டுநர்களிடமும் மெக்கானிக்குகளிடமும் கேட்டுக் கேட்டு அறிந்துகொண்டதை எழுதுகிறேன்.

முதலாவது, இழுக்க வேண்டிய பாரம் எது என்று பார்ப்போம். ஜெனரேட்டர், கூடாரம், மடக்குக் கட்டில்கள், தண்ணீர் டிரம், மருந்துப் பெட்டிகள் எல்லாம் ஏற்றினால் டிரெய்லர் ஒரு டன்னை நெருங்கிவிடும். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே தேசிய நெடுஞ்சாலையில் போகிறவரைக்கும் எந்த வண்டியும் இதை இழுத்துவிடும். சேத்தூர், தேவதானம் பக்கமாகவோ, மம்சாபுரம், செண்பகத்தோப்பு பக்கமாகவோ மலையடிவாரத்தை நோக்கித் திரும்பின பிறகுதான் சோதனை வருகிறது. ஓடை மணல், மழைக்குப் பின் சேறு, வளைவில் மேடு, நடுவில் ஆட்டு மந்தை. ஒவ்வொரு இடத்திலும் நின்று, நின்ற இடத்திலிருந்து மறுபடியும் பாரத்தைக் கிளப்ப வேண்டும்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடி மாதத்துத் தேரோட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. தேர் நிலையைவிட்டு அசைகிற முதல் முழம்தான் கடினம். உருள ஆரம்பித்தபின் அதே வடத்தை அதே ஜனங்கள் சுலபமாய் இழுத்துக்கொண்டு போகிறார்கள். அந்த முதல் முழத்துக்கு வேண்டிய பலத்துக்கு இயந்திரக்காரர்கள் டார்க் என்று பெயர் சொல்லுகிறார்கள். தமிழில் முறுக்கு விசை எனலாம். விளம்பரங்களில் பெரிய எழுத்தில் போடுகிற குதிரைத் திறன் வேறு. அது எவ்வளவு வேகமாய் வேலையை முடிக்கும் என்பதைக் காட்டுமே தவிர, நின்ற பாரத்தை எவ்வளவு நன்றாய்க் கிளப்பும் என்பதைக் காட்டாது.

நம் ஊரில் சாதாரணமாய் ஓடுகிற இரண்டு வண்டிகளை ஒப்பிட்டுப் பாருங்கள். 2010-இல் விற்பனைக்கு வந்த மாருதி ஈகோ 1,196 சி.சி. பெட்ரோல் என்ஜின் உள்ளது. அதன் திறன் 73 குதிரை. 2020-க்கு முன் விற்ற மஹிந்திரா பொலேரோவின் 2,523 சி.சி. டீசல் என்ஜினுக்கு 63 குதிரைதான். இதை மட்டும் பார்த்தால் ஈகோவே பலசாலி. ஆனால் முறுக்கு விசையில் ஈகோ சுமார் 101 நியூட்டன் மீட்டர், பொலேரோ 195. அதிலும் ஈகோ தன் முழு இழுவையைக் கொடுக்க என்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்ற வேண்டும். பொலேரோவோ 1,400 சுற்றிலேயே கொடுத்துவிடுகிறது. பெட்ரோல் வண்டியில் ஓட்டுநர் ஆக்ஸிலேட்டரை மிதித்து அலறவிட்டு, கிளட்சைப் பாதி பிடித்துக் கிளப்புவார். டீசல் வண்டி மெதுவாய் ஊர்ந்தபடியே எழும்பும். முகாம் ஒன்றுக்குப் பத்துத் தடவை அப்படிக் கிளப்பினால் கிளட்ச் பிளேட் எந்த வண்டியில் முதலில் தேயும் என்று சொல்ல வேண்டியதில்லை.

பெட்ரோலால் இழுக்கவே முடியாது என்று சொல்லுகிறவர்களும் உண்டு. அது சரியல்ல. இரண்டாம் உலகப்போரில் டிரெய்லர் இழுத்த ஜீப்புகள் எல்லாம் பெட்ரோல் ஜீப்புகளே. பின்னாளில் மஹிந்திரா கம்பெனி நம் நாட்டில் செய்த ஜீப்பிலும் நெடுங்காலம் 2.2 லிட்டர் வில்லிஸ் பெட்ரோல் என்ஜினே இருந்தது. அமெரிக்காவில் இன்றும் பெரிய பெட்ரோல் வண்டிகள் படகுகளை இழுத்துச் செல்லுகின்றன. மேலே நான் ஒப்பிட்ட இரண்டு என்ஜின்களும் ஒரே அளவுள்ளவை அல்ல என்பதையும் மறைக்கக்கூடாது. ஆனால் நமக்குக் கிடைக்கும் பழைய வண்டிச் சந்தையில் பெட்ரோல் என்றால் பெரும்பாலும் சிறிய என்ஜின். பெரிய பெட்ரோல் என்ஜின் அபூர்வம். கிடைத்தாலும் அது குடிக்கிற பெட்ரோலுக்கு நம் கணக்கர் சம்மதிக்க மாட்டார்.

இந்த வித்தியாசத்துக்குக் காரணம் எரிகிற விதம். ஜெர்மானியரான ஓட்டோ 1876-இல் ஓட்டிக்காட்டிய என்ஜின் வழியில் வந்தது பெட்ரோல் என்ஜின். காற்றும் எரிபொருளும் கலந்து உள்ளே போக, ஸ்பார்க் பிளக் தீப்பொறி கொடுக்கிறது. ருடால்ப் டீசல் 1897-இல் வெற்றிகரமாய் ஓட்டிய என்ஜினில் தீப்பொறி கிடையாது. காற்றை மட்டும் பதினாறு முதல் இருபது மடங்கு வரை அழுத்துகிறார்கள். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்ப் சுடுகிறதல்லவா, அதுபோல் அந்தக் காற்று 500 டிகிரிக்கும் மேல் சூடாகிறது. அதன்மேல் டீசலைப் பீய்ச்சினால் தானே பற்றிக்கொள்ளுகிறது. பெட்ரோலை அவ்வளவு அழுத்தினால் கண்ட நேரத்தில் வெடித்து என்ஜின் தட்டும். அதிகம் அழுத்துவதால் டீசல் என்ஜின் எரிபொருளின் சூட்டிலிருந்து அதிக வேலையை வாங்குகிறது. மேலும் ஒரு லிட்டர் டீசலில் ஒரு லிட்டர் பெட்ரோலைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் சக்தி அடங்கியிருக்கிறது. டர்போவும் சேர்ந்தால் குறைந்த சுற்றிலேயே காற்று நிறையப் போய் இழுவை கூடுகிறது.

வேலூரில் டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார் 1909-இல் சாலையோர மருத்துவப் பணிக்குப் பயன்படுத்திய முதல் மோட்டார் கார் பிரெஞ்சு தேசத்துப் பியூஜோ. 1980-களில் மஹிந்திரா ஜீப்புகளுக்குள் வந்த 2,112 சி.சி. டீசல் என்ஜினும் அதே பியூஜோ கம்பெனியின் வடிவமைப்பே. அந்த ஜீப்புகளில் சில இன்னும் நம் மலையடிவாரத் தோப்புகளில் மாங்காய் ஏற்றிக்கொண்டிருக்கின்றன. ஒருமுறை ஸ்டார்ட் ஆகிவிட்டால் மின்சாரமே இல்லாமல் ஓடும் என்பதால் மழைத் தண்ணீரில் நின்றுபோவது குறைவு.

ஆனால் டீசலின் குறைகளை மூடி வைக்க நமக்கு உரிமை இல்லை, விசேஷமாக மருத்துவமனை நடத்துகிற நமக்கு. டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2012-இல் வகைப்படுத்தியது. ஆஸ்துமாக்காரர்கள் வரிசையில் நிற்கும் கூடாரத்துக்குப் பக்கத்தில் கரும்புகை தள்ளும் பழைய ஜீப்பை நிறுத்த முடியாது. ஆகவே மிகப் பழைய வண்டிகளைக் குழு தள்ளிவிட்டது. 2017 ஏப்ரலில் பி.எஸ். 4 விதி நாடெங்கும் அமலுக்கு வந்தது, டீசலில் கந்தகமும் குறைந்தது. அன்று முதல் 2020 மார்ச் வரை வந்த வண்டிகளையே நாங்கள் தேடுகிறோம்.

அதைவிடப் புதிய பி.எஸ். 6 வண்டி இன்னும் சுத்தமானதாயிற்றே என்பீர்கள். உண்மை. ஆனால் அதன் புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் ஒரு வடிகட்டி உண்டு. சேர்ந்த கரியை எரித்துக்கொள்ள வண்டி அவ்வப்போது நெடுஞ்சாலையில் ஓரளவு வேகமாய், நிறுத்தாமல் ஓட வேண்டும். ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் போய், நாள் முழுவதும் நின்று, திரும்பி வருகிற வண்டிக்கு அந்த வாய்ப்பு ஏது? வடிகட்டி அடைத்துக்கொண்டால் செலவு பெரிது. இதே காரணத்தினால்தான், இரத்தம் வாங்கிவரவும் ஊழியர்களை பஸ் ஸ்டாண்டில் இறக்கவும் நம்மிடம் இருக்கிற சிறிய பெட்ரோல் வேனை விற்க வேண்டாம் என்று தீர்மானித்திருக்கிறோம். குட்டி ஓட்டங்களுக்குப் பெட்ரோலே ஏற்றது. என்ஜின் சீக்கிரம் சூடேறும், சத்தமும் பராமரிப்பும் குறைவு.

டீசல் மலிவு என்ற பழைய கணக்கை மறந்துவிடுங்கள். பெட்ரோல் விலைக் கட்டுப்பாடு 2010-இலும் டீசல் விலைக் கட்டுப்பாடு 2014-இலும் நீங்கிய பிறகு அந்த இடைவெளி மிகவும் சுருங்கிவிட்டது. லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதில்தான் இன்று டீசலுக்கு மிச்சம், அதுவும் பாரம் இழுக்கும்போதே நன்றாய்த் தெரியும். பெட்ரோல் பக்கத்தில் ஒரு புதிய கேள்வியும் சேர்ந்திருக்கிறது. பங்குகளில் இப்போது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் வருகிறது. 2023-க்கு முன் செய்த வண்டிகள் பல இந்தக் கலவைக்கென்று செய்யப்பட்டவை அல்ல. மைலேஜ் சற்றுக் குறையும், பழைய ரப்பர் குழாய்களைக் கவனிக்க வேண்டும்.

பெண்கள் ஐக்கிய சங்கத்தார் படித்த செய்தி டெல்லியைப் பற்றியது. அங்கே 10 வருட டீசல் வண்டிக்கும் 15 வருட பெட்ரோல் வண்டிக்கும் 2015-இலும் 2018-இலும் நீதிமன்ற உத்தரவுகள் வந்தன. தமிழ்நாட்டில் அப்படி ஒரு தடை இல்லை. 15 வருடம் முடிந்தால் சோதனை செய்து மறுபதிவும் பசுமை வரியும் கட்ட வேண்டும். மாருதி கம்பெனி 2020-இல் டீசல் கார்களை நிறுத்தியதும் உண்மைதான். ஆனால் அது விற்றவை சிறிய கார்கள். பாரவண்டிகளும் பொலேரோ போன்றவையும் இன்னும் டீசலிலேயே ஓடுகின்றன.

வாங்கும்போது என்ன பார்ப்போம்? காலையில், என்ஜின் முழுவதும் ஆறியிருக்கும்போது போக வேண்டும். விற்கிறவர் முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறோம் என்று சொல்லிவிடலாம். ஸ்டார்ட் ஆனபின் நீலப் புகை நிற்காமல் வந்தால் ஆயில் எரிகிறது. கரும்புகை என்றால் பம்ப், நாசில், அல்லது காற்று வழியில் கோளாறு. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று அடிக்கக்கூடாது, அடித்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கும். ரேடியேட்டர் தண்ணீரில் எண்ணெய் மிதக்கக்கூடாது.

பலரும் கேட்க மறக்கிற ஒன்று பிரேக்குக்கான வாக்குவம் பம்ப். பெட்ரோல் என்ஜின் மூச்சிழுக்கும்போதே பிரேக் பூஸ்டருக்கு வேண்டிய வெற்றிடம் கிடைத்துவிடும். டீசலில் அது போதாது, தனிப் பம்ப் உண்டு. அது பழுதானால் பெடல் கல்லாய் இறுகிவிடும். பின்னால் ஒரு டன் தள்ளிக்கொண்டிருக்கும் இறக்கத்தில் அது நேரிட்டால் என்னவாகும் என்று எண்ணிப் பாருங்கள். என்ஜின் ஓடும்போது பிரேக்கை அடுத்தடுத்து அழுத்திப் பார்த்தாலே தெரிந்துவிடும். டீசல் வண்டி இறக்கத்தில் தானே பிடித்துக்கொள்ளும் என்று சொல்வதையும் முழுவதும் நம்ப வேண்டாம். பிடிப்பது கீழ் கியர்தான். ஏறின கியரிலேயே இறங்க வேண்டும் என்று எங்கள் மூத்த ஓட்டுநர் இளையவர்களுக்குச் சொல்லுவார்.

கொக்கி வெல்டிங் செய்த இடத்தில் சேஸிஸ் விரிசல் விட்டிருக்கிறதா என்று படுத்துப் பார்க்க வேண்டும். டிரெய்லரின் மொத்தப் பாரத்தில் பத்தில் ஒரு பங்காவது கொக்கியின்மேல் அமர வேண்டும். பின்பக்கம் கனத்தால் டிரெய்லர் பாம்புபோல் ஆடி வண்டியையும் இழுத்துக் கவிழ்க்கும். ஆகவே ஜெனரேட்டரை அச்சுக்குச் சற்று முன்னே வைத்திருக்கிறோம். டிரெய்லருக்கும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் தனிப் பதிவு உண்டு என்பதைப் புதிதாய் ஆரம்பிக்கும் சபைகள் கவனிக்கவும்.

இப்போது இரண்டு வண்டிகள் எங்கள் பார்வையில் இருக்கின்றன. ஒன்று ராஜபாளையத்தில் மில் வேலைக்கு ஓடியது, மற்றொன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு விவசாயியுடையது. இரண்டும் டீசல், இரண்டும் 2018 மாடல். டிரெய்லரை உள்ளபடியே பாரத்தோடு கொக்கியில் மாட்டி, செண்பகத்தோப்பு வழியில் ஒரு மேட்டில் நிறுத்திக் கிளப்பிப் பார்த்த பிறகே விலை பேசுவோம். உங்களில் யாரிடமாவது இத்தகைய வண்டி விற்பனைக்கு இருந்தால், வருடம், ஓடிய கிலோமீட்டர், எத்தனை கை மாறியது, இதற்குமுன் பாரம் இழுத்ததா என்ற விவரங்களை மாத முடிவுக்குள் அலுவலகத்துக்கு எழுதி அனுப்புங்கள்.