வீட்டுப் பெரியவர்களுக்கும் செல்போன் பழக்குவோம்



விடிந்ததும் நீங்கள் இருவரும் காட்டு வேலைக்குப் போய்விடுகிறீர்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்விடுகிறார்கள். பொழுது சாயும்வரை வீட்டில் இருப்பது யார்? வயதான அப்பா, அம்மா, அல்லது மாமனார், மாமியார். அவர்கள் கையில் ஒரு செல்போனும் இருக்கிறது. திடீரென்று நெஞ்சு வலித்தால் அந்தப் போனில் உதவிக்குக் கூப்பிட அவர்களுக்குத் தெரியுமா? வாட்ஸ்அப்பில் வரும் வைத்தியத்தில் எது மெய், எது பொய் என்று பார்க்கத் தெரியுமா?

"எனக்கு எதுக்கும்மா இந்த வயசுல இதெல்லாம்?" என்று பெரியவர்கள் சொல்வது வழக்கம். "அவங்களுக்கு இது வராதுங்க" என்று பிள்ளைகளும் விட்டுவிடுகிறார்கள். இரண்டுமே சரியல்ல. வானத்தைப் பார்த்து மழை சொல்பவர்கள், நாலு பொத்தானைக் கற்றுக்கொள்ள முடியாதவர்களா? பொறுமையாகச் சொல்லிக்கொடுக்கத்தான் ஆள் வேண்டும்.

சொல்லிக்கொடுக்கும் முன் கவனிக்க வேண்டியவை

முதலில் கண்ணைப் பரிசோதியுங்கள். கண்புரை இருந்தால் எழுத்து தெரியாது. அது அறிவுக் குறைவு அல்ல, பார்வைக் குறைவு. போனில் எழுத்தைப் பெரிதாக்குங்கள்; மொழியைத் தமிழாக மாற்றுங்கள்; மணிச் சத்தத்தைக் கூட்டி வையுங்கள். மண்வெட்டி பிடித்துக் காய்ப்புக் காய்த்த விரலுக்கு டச் போன் சில நேரம் பணியாது. அழுத்திக் குத்த வேண்டாம், விரல் நுனியால் மெல்லத் தொட்டு எடுக்கச் சொல்லுங்கள். கை நடுங்கினால் போனை மேசை மேல் வைத்துத் தொடலாம்.

டச் போன் இல்லாமலும் போகலாம். பட்டன் போனே போதும். பெரும்பாலான பட்டன் போன்களில் 2 என்ற எண்ணை நீண்ட நேரம் அழுத்தினால் மகனுக்குப் போகும்படி அமைத்துவிடலாம். படிக்கத் தெரியாதவர்களுக்கு, டச் போனில் ஒவ்வொருவர் பெயருடனும் அவரவர் படத்தைச் சேர்த்து வையுங்கள்.

எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

1. ஒரு நாளைக்கு ஒரு விஷயம் மட்டும்.
2. போனை அவர்கள் கையிலிருந்து பிடுங்கி, "இப்படித்தான்" என்று வேகமாகச் செய்து காட்டாதீர்கள். போன் அவர்கள் கையிலேயே இருக்கட்டும். வாயால் மட்டும் சொல்லுங்கள்.
3. முடிந்ததும், "அத்தை, இப்போ நீங்க எனக்குச் சொல்லிக் குடுங்க பாப்போம்" என்று கேளுங்கள். அவர்கள் திருப்பிச் சொன்னால்தான் பாடம் மனதில் ஏறியது என்று பொருள்.
4. மறந்துவிட்டால் சலித்துக்கொள்ளாதீர்கள். "நேத்துதானே சொன்னேன்?" என்ற ஒரு சொல் போதும், அவர்கள் அப்புறம் கேட்கவே மாட்டார்கள்.

கணவன், மனைவி இருவரும் முறை வைத்துக்கொள்ளலாம். பேரப்பிள்ளைகள் சொல்லிக்கொடுத்தால் தாத்தா பாட்டி இன்னும் ஆர்வமாகக் கற்பார்கள்.

முதல் பாடம்: ஆபத்தில் கூப்பிடுவது

தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் சேவை 2008 முதல் நடந்து வருகிறது. கட்டணம் கிடையாது. எண்ணை அழுத்தினால் மட்டும் போதாது, கேட்பவருக்குச் சொல்லவும் தெரிய வேண்டும். ஊர் பெயர், பக்கத்தில் உள்ள கோயில் அல்லது தண்ணீர்த் தொட்டி போன்ற அடையாளம், நோயாளியின் வயது, என்ன தொந்தரவு, இந்த நான்கையும் ஒத்திகை பார்க்கச் சொல்லுங்கள். உண்மையில் கூப்பிடாமல், வாயால் மட்டும் பழகட்டும்.

போன் பூட்டியிருந்தாலும், திரையில் உள்ள 'அவசர அழைப்பு' என்ற இடத்தைத் தொட்டு 112-ஐ அழைக்கலாம். மருத்துவ ஆலோசனைக்கு 104. முதியோர் உதவிக்கு 14567. இந்த எண்களைத் தினசரி காலண்டர் மாட்டியிருக்கும் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள்.

இரண்டாம் பாடம்: மிஷின் காட்டும் எண்

பல வீடுகளில் பிரஷர் மிஷின் இருக்கிறது. அது காட்டும் எண்ணைப் பார்த்துப் பயப்படத்தான் தெரிகிறது, படிக்கத் தெரியவில்லை. முதலில் வருவது மேல் எண், அடுத்தது கீழ் எண், கடைசியில் நாடித்துடிப்பு. பார்ப்பதற்கு அரைமணி முன்பிருந்து காபி, டீ, பீடி கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து 5 நிமிடம் சும்மா உட்கார்ந்து, கையை நெஞ்சு உயரத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். தேதியோடு நோட்டில் எழுத வேண்டும்.

மேல் எண் 180-க்கு மேலோ, கீழ் எண் 120-க்கு மேலோ வந்தால் 5 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். அப்படியே இருந்தால் அன்றே டாக்டரிடம் போக வேண்டும். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வாய் குழறல், ஒரு பக்கக் கை கால் மரத்துப்போதல் இருந்தால் எண் எதுவானாலும் காத்திருக்காமல் 108.

சர்க்கரை பார்க்கும் மிஷினில் 70-க்குக் கீழே காட்டினால் அது தாழ் சர்க்கரை. வியர்வை, நடுக்கம், படபடப்பு வரும். நினைவோடு இருந்தால் 3 தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108-ஐ அழையுங்கள்.

மூன்றாம் பாடம்: வாட்ஸ்அப் வைத்தியம்

இதுதான் மிக முக்கியமான பாடம். 2020 ஏப்ரலில் ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில், கொரோனாவுக்கு மருந்து என்று வீடியோவில் வந்ததை நம்பி ஊமத்தை விதையை அரைத்துக் குடித்தவர்கள் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். ஊமத்தை விஷம் என்று கிராமத்தில் தெரியாதவர் யார்? ஆனாலும் போனில் வந்துவிட்டால் நம்பத் தோன்றுகிறது.

"ஒரே வாரத்தில் சர்க்கரை நோய் ஒழியும்", "மாத்திரையைத் தூக்கி எறியுங்கள்" என்று இன்றும் தினம் தினம் வருகிறது. இதைக் கேட்டு மாத்திரையை நிறுத்தினால் தெரியாமலேயே சர்க்கரை ஏறும். கண், சிறுநீரகம், கால் நரம்பு கெடும். பிரஷர் மாத்திரையை நிறுத்தினால் பக்கவாதம் வரக்கூடும்.

செய்தி வந்ததும் நான்கு கேள்வி கேட்கப் பழக்குங்கள்:

- இதைச் சொன்னது யார்? பெயரும் ஊரும் உள்ள டாக்டரா?
- டாக்டர் கொடுத்த மருந்தை நிறுத்தச் சொல்கிறதா?
- கடைசியில் எதையாவது விற்கிறதா?
- "பத்துப் பேருக்கு அனுப்புங்கள்" என்கிறதா?

செய்தியின் மேல் இரட்டை அம்புக்குறி இருந்தால், அது பல கை மாறி வந்தது என்று அர்த்தம். பல பேர் அனுப்பியதால் பொய் மெய்யாகிவிடாது. சந்தேகம் வந்தால் கிராம சுகாதார செவிலியரிடமோ, 2021 முதல் நடக்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கு மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலரிடமோ காட்டுங்கள். கேட்கும்வரை மருந்தை நிறுத்தவும் வேண்டாம், புதிதாகத் தின்னவும் வேண்டாம்.

பெரியவர்கள் ஏற்கெனவே நம்பிவிட்டிருந்தால், "உங்களுக்கு அறிவில்லையா?" என்று கேட்காதீர்கள். "மாமா, வாங்க டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வருவோம்" என்று அழையுங்கள்.

நான்காம் பாடம்: ரகசிய எண்

"உங்க காப்பீட்டு அட்டையைப் புதுப்பிக்கணும், போனுக்கு ஓ.டி.பி. வந்திருக்கும், சொல்லுங்க" என்று கூப்பிடுவார்கள். சொன்னால் வங்கிப் பணம் போய்விடலாம். ஆஸ்பத்திரியில் நேரில் பதியும்போது ஊழியர் கேட்பது வேறு. முகம் தெரியாதவர் போனில் கேட்பது வேறு. போனில் கேட்டால் வைத்துவிட வேண்டியதுதான். ஏமாந்துவிட்டால் உடனே 1930-க்குச் சொல்லுங்கள். திட்டுவார்களே என்று பயந்து பெரியவர்கள் மறைத்தால் பணம் திரும்புவது கடினம். ஆகவே வீட்டில் அந்தப் பயம் இல்லாமல் இருக்கட்டும்.

இன்னும் சில நல்ல பழக்கங்கள்

மருந்துச் சீட்டு, மாத்திரை அட்டை, பரிசோதனை ரிப்போர்ட் ஆகியவற்றைப் போனில் படமெடுத்து வைத்தால் எந்த டாக்டரிடமும் காட்டலாம். மாத்திரை நேரத்துக்கு அலாரம் வைக்கலாம். அரசின் ஈ-சஞ்சீவனி சேவையில் வீட்டிலிருந்தே டாக்டரோடு பேசலாம், செலவில்லை. பேசும்போது நோட்டும் மாத்திரையும் கையில் இருக்கட்டும். ஆனால் நெஞ்சுவலிக்கு இது வழியல்ல, 108தான்.

ஒன்று மறக்கவேண்டாம். பெரியவர்களின் நோய் அவர்கள் சொந்த விஷயம். அவர்கள் ரிப்போர்ட்டைக் கேட்டுவிட்டுப் பாருங்கள். கேட்காமல் உறவுக்காரர்களுக்கு அனுப்பாதீர்கள். போனைப் பழகிவிட்டார்களே என்று அவர்களைத் தனியே டாக்டரிடம் அனுப்பிவிடவும் கூடாது. போன் துணைக்குத்தான்; பிள்ளைகளுக்கு மாற்று அல்ல.

தம்பதிகளே! இரவுச் சாப்பாடு முடிந்ததும் கால்மணி நேரம் ஒதுக்குங்கள். முதல் வாரம் 108 மட்டும் போதும். நம்மைக் கைப்பிடித்து நடக்கப் பழக்கியவர்களுக்கு நாம் செய்ய வேண்டிய கடமை இது.

பொறுமையாகப் பழக்குவோம்! பெரியவர்களைக் காப்போம்!

மேலும் விவரங்களுக்கு உங்கள் கிராம சுகாதார செவிலியரையோ, அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தையோ அணுகவும்.