அம்பின் இறகும் அதனைப் பிணித்த நாரும்



மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையாகிய படுவான்கரையில், வெல்லாவெளிப் பகுதியில் வடமோடிக் கூத்து இன்றும் ஆடப்படுகின்றது. கூத்துக்கு வில்லும் அம்பும் செய்துகொண்டிருந்த மாணவன் ஒருவன், "ஐயா, கடைப்பசை இல்லாத காலத்தில் இறகை எதனால் ஒட்டினார்கள்?" என்று வினவினான். சிறந்த வினா. அதற்கு விடை காண முயல்வோம்.

அம்பின் வாலில் இறகு இருப்பது அழகுக்காக அன்று. பறக்கும் அம்பு சற்றே கோணினால், காற்று அவ்விறகைத் தள்ளி அம்பை மீண்டும் நேராக்குகின்றது. இறகு கழன்றால் குறி தவறும். குறி தவறினால் வேடன் குடிலில் அன்று பசிதான்.

ஆகவே பிணிப்பு உறுதியாதல் வேண்டும். உலகின் பல குடிகள் இதற்கு விலங்கின் தசைநாரைப் பயன்படுத்தின. உலர்ந்த தசைநாரைத் தட்டினால் அது மெல்லிய இழைகளாகப் பிரியும். அவ்விழையை ஈரமாக்கிச் சுற்றினால், காயுங்கால் சுருங்கி இறுகும். முடிச்சும் வேண்டாது தானே ஒட்டிக்கொள்ளும். தோலையும் தசைநாரையும் நீரிலிட்டு நெடுநேரம் காய்ச்சினால் தச்சர் வழங்கும் வச்சிரம் கிடைக்கும். இரண்டிலும் உள்ள பொருள் ஒன்றே. கொலாசன் என்னும் புரதம் அது. ஆனால் ஈரம் இவற்றைத் தளர்த்திவிடும். அதனைத் தடுக்கத் தேன்மெழுகு பூசுவது ஒரு வழி. அரக்கோ சூட்டில் இளகி, ஆறியதும் இறுகுவது. ஆதலின் அலகைக் காம்பிற் பொருத்த ஏற்றது. அதுவும் ஒரு சிறு பூச்சி தரும் பொருளே.

1991ஆம் ஆண்டு ஆல்ப்சு மலைப் பனியில் கண்டெடுக்கப்பட்ட, ஏறக்குறைய 5300 ஆண்டுகளுக்கு முற்பட்ட மனிதனின் அம்பறாத்தூணியில் 14 அம்புகள் இருந்தன. அவற்றுள் முற்றுப்பெற்றவை இரண்டே. அவற்றின் இறகுகள் மரக்கீலால் ஒட்டப்பட்டு நூலால் சுற்றப்பட்டிருந்தன. தூணியினுள் தசைநார்க் கட்டும் இருந்தது.

நம் நாட்டு வேடரோ மயிலிறகை அம்பிற் கட்டினர். காட்டுத் தேனும் மெழுகும் அவர் கைக்கு எட்டியவை. இரும்பு அலகு மட்டும் கொல்லனிடமிருந்து வரவேண்டும். இலையை வேண்டிய வடிவில் வெட்டி, இறைச்சியுடன் இரவிற் கொல்லன் பட்டறையில் வைத்துச் செல்வர் என்று, கண்டியரசில் ஏறத்தாழ இருபதாண்டு சிறையிருந்த ரொபேட் நொக்ஸ் 1681இல் வெளிவந்த தம் நூலிற் கூறுகின்றார்.

1983இல் மதுறு ஓயா தேசிய வனம் அமைந்தபின் வேடர்தம் வேட்டைநிலத்திற் பெரும்பகுதி அவர்க்கு அடைபட்டது. காட்டுயிர் காத்தல் நம் கடமை, அதில் ஐயமில்லை. ஆயினும் வேட்டை ஓய்ந்தால், எந்த நாரை எப்போது நனைப்பது, மெழுகை எவ்வளவு பூசுவது என்னும் அறிவும் ஓய்ந்துவிடும். கையால் கற்ற கல்வி ஏட்டில் தானே ஏறிவிடாது.

அம்மாணவனுக்கு நான் கூறியதும் இதுவே: "உன் பாட்டனாரிடம் கேள், கேட்டதை எழுதி வை." நேயர்களும் தத்தம் ஊர் முதியோரிடம் அவ்வாறே கேட்பார்களாக.