பூச்சி பிடிக்கவா பல்கலைக்கழகம்?

"என்ன தம்பி, இத்தனை வருசம் படிச்சுட்டுக் கடைசியில பூச்சி பிடிக்கிற படிப்புக்கா போகப் போற? அதுக்கு எதுக்குப்பா யுனிவர்சிட்டி? நம்ம காட்டுக்கு வா, வேணுங்கிற அளவுக்குப் பிடிச்சுத் தர்றேன்!"

தோட்டத்து வீட்டில் ஒரு பிள்ளை "பூச்சியியல் படிக்கப் போகிறேன்" என்று வாயைத் திறந்தால், இப்படித்தான் பதில் வரும். பெற்றவர்களைக் குற்றம் சொல்வதற்கில்லை. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிப் பிள்ளையைப் படிக்க வைக்கிறவர்களுக்கு டாக்டர் தெரியும், லாயர் தெரியும், இன்ஜினியர் தெரியும். பூச்சியைப் படித்தவன் எங்கே போய் வேலை கேட்பான், யார் சம்பளம் கொடுப்பார்கள் என்ற கவலை வரத்தானே செய்யும்?

ஆனால் தோழர்களே, சிரிப்பதற்கு முன்னால் ஒரு கதையைக் கேளுங்கள். செடெனாக் சுற்று வட்டாரத்துக் குடும்பங்கள் இதை அவசியம் கேட்க வேண்டும். ஏனென்றால் இது நடந்தது ஏதோ தூர தேசத்தில் அல்ல. செடெனாக்கிலிருந்து ரயில் பாதையோடு வடக்கே போனால் லாயாங்-லாயாங், ரெங்கம், அப்புறம் குளுவாங். அந்தக் குளுவாங் பக்கத்துத் தோட்டத்தில்தான் நடந்தது.

பவுடர் ஊதிய கைகள்

1970களில் செம்பனைக் காட்டில் வேலை செய்த பாட்டிமார்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களைக் கேட்டுப் பாருங்கள். பூவுக்கு மகரந்தம் ஊதும் வேலை என்று ஒன்று இருந்தது. மகரந்தத் தூளைப் பவுடரோடு கலந்து, குழாய் வைத்த புட்டியில் அடைத்துக்கொண்டு, மரம் மரமாகப் போய்ப் பெண் பூவின் மேல் ஊத வேண்டும். பெண் பூ இரண்டு மூன்று நாளைக்குத்தான் மகரந்தத்தை ஏற்கும். அதனால் அதே நிரைக்குத் திரும்பத் திரும்பப் போக வேண்டும். மழையிலும் சேற்றிலும் இந்த வேலையைச் செய்தவர்களில் நம் பெண்கள் எத்தனையோ பேர்.

ஏன் இந்தப் பாடு? செம்பனையில் ஆண் பூவும் பெண் பூவும் ஒரே மரத்தில் தனித்தனியாக, வேறு வேறு காலத்தில் பூக்கும். ஒரு மரத்தின் மகரந்தம் இன்னொரு மரத்துக்குப் போனால்தான் பழம் பிடிக்கும். செம்பனையின் தாய்மண் மேற்கு ஆப்பிரிக்கா. அங்கே பவுடர் ஊத ஆள் தேவைப்படவில்லை. 1917ல் சிலாங்கூர் தென்னமாராம் தோட்டத்தில் முதன்முதலாக வியாபாரத்துக்கென்று செம்பனை நட்டார்கள். மரம் கப்பலேறி வந்துவிட்டது. அதோடு ஒட்டி உறவாடிய பூச்சி மட்டும் அங்கேயே தங்கிவிட்டது. இங்கிருந்த பூச்சிகள் ஓரளவுதான் உதவின.

இதை அன்று பெரும்பாலோர் நம்பவில்லை. செம்பனைக்குக் காற்றே மகரந்தம் கொண்டு போகிறது என்றுதான் புத்தகங்கள் சொல்லின. லெஸ்லி டேவிட்சன் என்ற தோட்ட நிர்வாகி மட்டும் சந்தேகப்பட்டார். கேமரூன் நாட்டில் வேலை பார்த்தபோது, செம்பனைப் பூவில் சின்னச் சின்ன வண்டுகள் மொய்ப்பதை அவர் கண்ணால் பார்த்திருந்தார். சபாவுக்கு வந்தபோது அந்த வண்டையும் காணோம், பழமும் சரியாகப் பிடிக்கவில்லை. வண்டுக்கும் பழத்துக்கும் சம்பந்தம் உண்டோ என்று யோசித்தார்.

அவர் பார்த்ததை நிரூபிக்கப் படித்தவர் ஒருவர் வேண்டியிருந்தது. ரஹ்மான் சையத் என்ற பாகிஸ்தான் பூச்சியியல் அறிஞர் கேமரூனுக்குப் போய் ஆராய்ந்தார். மூக்கு நீண்ட ஒரு வண்டுதான் முக்கியமான வேலைக்காரன் என்று கண்டுபிடித்தார். அரிசியைவிடச் சின்னது அது. ஆண் பூ மலரும்போது சோம்பு வாசனை அடிக்குமே, அந்த வாசனைக்குத்தான் வண்டு ஓடி வருகிறது. ஆண் பூவில்தான் தின்னும், முட்டையிடும். பெண் பூவும் அதே வாசனையை அவ்வப்போது வீசும். வண்டு ஏமாந்து அங்கேயும் போகும். போகும்போது உடம்பில் ஒட்டிய மகரந்தத்தை உதிர்த்துவிட்டு வரும். அவ்வளவுதான் ரகசியம்!

வெளிநாட்டுப் பூச்சியைக் கண்ணை மூடிக்கொண்டு அவிழ்த்துவிட முடியுமா? வேறு பயிரைத் தின்று தொலைத்தால் யார் பொறுப்பு? அதனால் அடைத்து வைத்துச் சோதித்துப் பார்த்தார்கள். வண்டு செம்பனையை விட்டு வேறு பயிரில் பெருகவில்லை. 1981 பிப்ரவரியில் குளுவாங் மாமோர் தோட்டத்தில் திறந்துவிட்டார்கள். சில ஆண்டுகளில் அது நாடு முழுவதும் பரவியது. காய் நிறையப் பிடித்தது, குலை கனத்தது. குலை வெட்டுகிறவர்களின் தோளுக்கும் அது தெரியும்!

பவுடர் ஊதும் வேலையும் அதோடு முடிந்தது. முதுகு ஒடியும் வேலை போனதில் நிம்மதிதான். ஆனால் அந்தக் கூலியை நம்பியிருந்த பெண்கள் வேறு வேலை தேட வேண்டி வந்ததும் உண்மைதான். ஒரு வண்டைப் பற்றிய படிப்பு, ஆயிரக்கணக்கான குடும்பங்களின் வேலையையே மாற்றிவிட்டது. அந்த ஆராய்ச்சி மேசையில் நம் லயத்துப் பிள்ளை ஒருவர் இருந்தாரா என்று கேட்கத் தோன்றுகிறதா இல்லையா?

மருந்தே வினையான கதை

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மட்டையில் சின்னச் சின்னப் பை தொங்குமே, பைப்புழு. 1950களின் கடைசியிலும் 1960களிலும் டி.டி.டி., எண்ட்ரின், டீல்ட்ரின் போன்ற கடுமையான மருந்துகளைத் தோட்டங்களில் அடித்தார்கள். பூச்சி ஒழிந்ததா? இல்லை, பைப்புழு முன்னைவிட அதிகமாகக் கிளம்பியது. ஏன்? பைப்புழுவின் உடம்பில் முட்டையிட்டு அதைக் கொல்லும் குட்டிக் குளவிகள் உண்டு. மருந்து அந்தக் குளவிகளைத்தான் முதலில் கொன்றது. பைக்குள் பத்திரமாக இருந்த புழு தப்பிப் பெருகியது. பிரையன் வூட் என்ற பூச்சியியலாளர் இதை ஆராய்ந்து, 1968ல் செம்பனைப் பூச்சிகளைப் பற்றி ஒரு நூலே எழுதினார். அந்த மருந்துகளை நிறுத்தியதும் நிலைமை அடங்கியது.

இன்றும் தோட்டச் சாலையோரம் மஞ்சளும் வெள்ளையுமாகப் பூச்செடி வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அழகுக்கு என்று நினைத்தீர்களா? அந்தக் குளவிகளுக்குத் தேன் கொடுக்கத்தான் அவை! மருந்துப் பம்பைத் தோளில் சுமக்கிறவர் நம் ஆள். எந்த மருந்து வேண்டும், எது வேண்டாம் என்று சொல்கிறவர் பூச்சியைப் படித்தவர்.

என்ன படிப்பார்கள்?

முதலில் அடையாளம் காணும் பாடம். ஆறு கால், மூன்று பாகமாக உடம்பு இருந்தால்தான் பூச்சி. எட்டுக் கால் சிலந்தி அந்தக் கணக்கில் சேராது. வலை வீசிப் பிடிக்க வேண்டும். ராத்திரியில் வெள்ளைத் துணி கட்டி, விளக்கு ஏற்றி, வருகிற பூச்சிகளைச் சேர்க்க வேண்டும். ஊசி குத்துவதிலும் முறை உண்டு: வண்டு என்றால் வலது இறக்கை மூடியில்தான் குத்த வேண்டும். நம் ஊர் ஈரத்தில் பெட்டியில் வைத்த பூச்சிக்குப் பூஞ்சணம் பிடிக்கும், எறும்பு அரிக்கும். கொஞ்சம் அசந்தால் மாதக்கணக்கில் சேர்த்தது மண்ணாகிவிடும்!

குளிர் நாட்டில் பனிக்காலம் வந்தால் பூச்சிகள் அடங்கிவிடும். நம் நாட்டில் ஏது பனிக்காலம்? வருசம் முழுக்க முட்டை, புழு, வண்டு எல்லாம் ஒரே சமயத்தில் இருக்கும். ஆகவே குளிர் நாட்டுக் கணக்கு இங்கே அப்படியே செல்லாது. இந்த மண்ணில் பார்த்துத்தான் படிக்க வேண்டும். அப்படிப் பார்க்கும் கண் தோட்டத்துப் பிள்ளைக்குச் சின்ன வயதிலேயே வந்துவிடுகிறது. காண்டாமிருக வண்டின் புழு மக்கிய மரத்துண்டில் இருக்கும் என்று அவனுக்குப் புத்தகமா சொல்லித் தர வேண்டும்?

எங்கே, எப்படி?

செர்டாங்கில் 1931ல் விவசாயப் பள்ளியாகத் தொடங்கி, 1947ல் கல்லூரியாகி, 1971ல் மலேசிய விவசாயப் பல்கலைக்கழகமாகி, 1997ல் புத்ரா பல்கலைக்கழகம் என்று பெயர் மாறிய இடத்தில் விவசாயப் படிப்பின் பகுதியாகப் பூச்சியியலும் உண்டு. மற்றப் பல்கலைக்கழகங்களில் உயிரியல் வழியாகவும் இதற்குள் போகலாம். ஐந்தாம் படிவத்தில் அறிவியல் பாடங்களை விட்டுவிடக் கூடாது. அதற்குப் பிறகு எஸ்.டி.பி.எம்., மெட்ரிகுலேஷன், டிப்ளோமா என்று வழிகள் இருக்கின்றன. பண உதவிக்கு 1997ல் அமைந்த பி.டி.பி.டி.என். கடன் உண்டு. கடன் கடன்தான், திருப்பிக் கட்ட வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள். தகுதிகள் மாறக் கூடியவை. பள்ளி ஆலோசக ஆசிரியரிடம் நேரில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

வேலை? செம்பனை வாரியம், தோட்டக் கம்பெனிகளின் ஆராய்ச்சிப் பிரிவு, விவசாய இலாகா, ஏடிஸ் கொசுவை விரட்டும் சுகாதாரத் துறை, கரையான் ஒழிக்கும் கம்பெனிகள் என்று பல இடங்களில் இந்தப் படிப்புக்கு வேலை உண்டு. படித்தவுடன் நாற்காலி காத்திருக்கும் என்று ஆசை காட்டவில்லை. அதற்கும் போட்டி உண்டு.

இன்று செடெனாக் பக்கம் செம்பனைக்கு நடுவே கணினித் தரவு மையங்கள் எழும்புகின்றன. நம் பிள்ளைகள் தோட்டத்தை விட்டுப் போகிறார்கள், போகட்டும். ஆனால் மூன்று தலைமுறையாகக் காட்டைப் பார்த்துப் பார்த்துச் சேர்த்த அறிவை லயத்திலேயே போட்டுவிட்டுப் போக வேண்டுமா?

டேவிட்சன் பார்த்த வண்டை அங்கே காட்டில் வேலை செய்த கூலியாளும் பார்த்திருப்பான். அவன் சொல்லியிருந்தால் யார் கேட்டிருப்பார்கள்? கண் நம்மிடம் இருக்கிறது. நாம் பார்த்ததைச் சபையில் சொல்லத்தான் படிப்பு வேண்டும். அடுத்த முறை உங்கள் பிள்ளை தீப்பெட்டிக்குள் வண்டைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் வந்தால், "தூக்கி எறிடா" என்று கத்தாதீர்கள். "இது எங்கே இருந்துச்சு? என்னத்தைத் தின்னுது?" என்று கேளுங்கள்!