உப்பளத்தில் ஐந்து குதிரைகள்

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் புதுச்சேரிக்குச் சென்றிருக்கிறீர்களா? மரக்காணத்தை நெருங்கும்போது உப்பளப் பாத்திகள் கண்ணுக்கெட்டிய தூரம் விரிந்து கிடக்கும். கோடையில் அங்கே பாத்திகளுக்கு உப்புநீர் இறைக்கும் எஞ்சினின் ஓசை கேட்கும். அதன் தகட்டில் '5 எச்.பி.' என்று பொறித்திருப்பதாக வைத்துக்கொள்வோம். எச்.பி. என்றால் குதிரைத் திறன். டீசல் குடிக்கும் எந்திரத்துக்குள் கொள்ளுத் தின்னும் குதிரை எப்படிப் புகுந்தது?

விலங்குகளின் பெயரைப் பிறவற்றுக்கு இடுவது நமக்குப் புதிதன்று. முழங்காலுக்குக் கீழே பின்புறத் தசை கெண்டை மீன்போலத் திரண்டிருப்பதால் கெண்டைக்கால் என்கிறோம். இலத்தீன் மொழியினருக்கோ தசை 'சிறு எலி'யாகத் தோன்றியது. ஆங்கிலத்தின் 'மசில்' என்னும் சொல் அதிலிருந்து பிறந்ததே. வீணையில் தந்திகளைத் தாங்கும் உறுப்புக்கும் குதிரை என்றே பெயர். நாய்க்குடையையும் சேர்த்துக்கொள்ளுங்கள், எந்த நாயும் அதைப் பிடித்து நடந்ததில்லை! இவற்றில் பெரும்பாலானவை தோற்றத்தைக் கண்டு இட்ட பெயர்கள். குதிரைத் திறன் அப்படிப்பட்டதன்று. அது வேலையை அளக்க வந்த பெயர்.

பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஆலைகளின் சக்கரங்களைச் சுற்றியவை குதிரைகள். நம் ஊர்ச் செக்குமாடு போல அவை வட்டமாக நடந்தன. நீராவி எஞ்சினை விற்க வந்தவரிடம் ஆலைக்காரர் கேட்கக்கூடிய கேள்வி ஒன்றுதான்: "இது எத்தனை குதிரைக்கு ஈடு?" அதற்கு விடை சொல்ல ஜேம்ஸ் வாட் 1780-களில் ஓர் அளவை வகுத்தார். ஒரு நிமிடத்தில் 33,000 பவுண்டு எடையை ஓர் அடி உயர்த்துவது ஒரு குதிரைத் திறன். நம் அளவையில், சுமார் 76 கிலோகிராமை ஒரு விநாடியில் ஒரு மீட்டர் உயர்த்துவதற்குச் சமம். அதாவது 746 வாட். குதிரையை அலகாக்கியவரின் பெயரே 1882-இல் இன்னோர் அலகுக்குச் சூட்டப்பட்டது வேடிக்கையல்லவா?

இது நாள் முழுதும் நிதானமாக உழைக்கும் குதிரையின் அளவு. சில விநாடிகள் முழு மூச்சாக இழுக்கும் குதிரை ஏறத்தாழ 15 குதிரைத் திறன்வரை காட்டக்கூடும் என்று 1993-இல் கணக்கிட்டிருக்கிறார்கள்.

மனிதன் எவ்வளவு? உங்கள் எடை 50 கிலோகிராம் என்க. 3 மீட்டர் உயர மாடிப்படியை 4 விநாடியில் ஓடி ஏறினால் 50 × 9.8 × 3 ÷ 4, அதாவது சுமார் 367 வாட், அரைக் குதிரை! ஆனால் இந்த வேகத்தில் எத்தனை மாடி ஏற முடியும்? மணிக்கணக்கில் தொடர்ந்து உழைப்பவரால் சுமார் 75 வாட்தான் தர முடியும். பத்துப் பேர் சேர்ந்தால் ஒரு குதிரை. அந்த 5 எச்.பி. எஞ்சின் ஐம்பது பேருக்கு ஈடாகிறது.

நீர் இறைக்க எஞ்சின் வந்துவிட்டது. ஆனால் விளைந்த உப்பை வாரிக் குவிப்பதும் கூடையில் சுமப்பதும் பெரும்பாலும் இன்றும் மனித உடல்தான். 25 கிலோகிராம் உப்புக் கூடையை இரண்டு விநாடியில் 1.5 மீட்டர் தூக்கித் தலையில் ஏற்றினால் சுமார் 184 வாட், கால் குதிரைத் திறன். சரி, அந்தக் கூடையோடு சமதரையில் நூறு மீட்டர் நடந்தால்? புவியீர்ப்புக்கு எதிராகக் கூடையின்மீது செய்த வேலை சுழி என்று உங்கள் பாடநூல் சொல்லும். கூடை உயரவில்லையே!

பாடநூல் சொல்வது சரிதான். ஆயினும் சுமப்பவருக்குக் கால் வலிக்கிறது. ஏன்? மேசை ஆற்றல் எதையும் செலவிடாமலே கூடையைத் தாங்கும்; தசையால் அது முடியாது. விறைத்து நிற்பதற்கே அதன் நுண்ணிழைகள் ஓயாமல் பற்றிப் பற்றி இழுக்க வேண்டும். ஒவ்வோர் அடியிலும் உடல் சற்றே உயர்ந்து தாழ்கிறது. உயரும்போது செலவான ஆற்றல் தாழும்போது முழுதாகத் திரும்பி வருவதில்லை. உண்ட உணவு வெப்பமாகக் கரைகிறது. குதிரைத் திறன் எந்திரத்திலிருந்து வெளிவரும் வேலையின் வீதத்தை அளக்கும் அலகு. கெண்டைக்காலுக்குள் நடக்கும் இந்தச் செலவு அதன் கணக்கில் வருவதில்லை.